டெட்ராய்ட் ஆற்றின் கைத்தூண்டில்

மாந்தன் ஏர் பிடிக்கக் கற்பதற்கு முன்னரே மீன் பிடிக்கக் கற்றான். எலும்பாலும் சிப்பியாலும் செம்பாலும் தூண்டில் முள் செய்தான். நாரைத் திரித்து நூலாக்கினான். உலகின் எப்பகுதியில் ஆறு ஓடினும் அதன் கரையில் தூண்டிலோடு ஒருவன் அமர்ந்திருப்பதைக் காணலாம். நம் குமரி, நெல்லைக் கடற்கரை மக்களும் கட்டுமரத்தில் இருந்தவாறே, கோல் ஏதுமின்றிக் கயிற்றைக் கையிலேயே பற்றி, ஈயக்குண்டு கட்டி, கடலடியில் மேயும் மீனைப் பிடிக்கும் வழக்கமுடையவர்கள். இதற்கு உறவான ஒரு கைத்தூண்டில் முறை, அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் எல்லையாக ஓடும் நீர்வழி ஒன்றில், பெரும் தொழிற்சாலைகளின் நிழலில், தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றிருக்கிறது. அம்முறையின் வரலாற்றையும், அது ஒருகால் அழிவின் விளிம்பைத் தொட்டு மீண்ட செய்தியையும் இக்கட்டுரையில் கூற விழைகின்றேன்.

நம் சங்கத்து அன்பர்களுள் புலால் உண்ணாதார் பலர் உளர். அவர்களும் இதனைத் தயங்காது படிக்கலாம். இதில் சொல்லப்படுவது மீன்கறியின் பெருமையன்று. ஓர் ஆறு கெட்டதும் திருந்தியதுமான வரலாறு.

ஆறும் ஊரும்

வட அமெரிக்காவின் நடுவே சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரன், ஈரி, ஒன்டாரியோ என ஐந்து பேரேரிகள் உள்ளன. ஏரி என்று பெயரே ஒழியக் கரை தெரியாத கடல் போன்றவை அவை. ஹியூரன் ஏரியின் நீர் தெற்கு நோக்கி வழிந்து, செயின்ட் கிளேர் ஆறு என்னும் பெயருடன் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் ஓடி, அதே பெயருடைய ஆழமற்ற சிறு ஏரியில் விழுகின்றது. அங்கிருந்து புறப்பட்டு டெட்ராய்ட் ஆறாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்று ஈரி ஏரியை அடைகின்றது. ஈரியின் நீரே பின்னர் நயாகரா அருவியாகக் கொட்டுகின்றது. இவ்விரு ஆறுகளும் நீளத்தில் குறுகியவை. ஆயினும் மேலேரிகள் மூன்றின் நீர் முழுவதும் இவ்வழியே செல்ல வேண்டியிருத்தலால், ஆண்டு முழுவதும் வற்றாத ஆழமும் விரைந்த ஒழுக்கும் உடையவை.

டெட்ராய்ட் என்பது பிரெஞ்சு மொழியில் நீரிணை என்று பொருள்படும் சொல். 1701ஆம் ஆண்டில் காடிலாக் என்னும் பிரெஞ்சுத் தலைவர் இவ்விடத்தே ஒரு கோட்டையை நிறுவினார். பிற்காலத்தில் ஒரு மோட்டார் காருக்கு அவர் பெயரை இட்டதனால் அப்பெயர் உலகெங்கும் பரவிற்று. கனடா வடக்கிலுள்ள நாடு என்று நாம் படித்திருக்கிறோம். டெட்ராய்ட் நகரத்தின் ஆற்றங்கரையில் நின்றாலோ கனடாவின் வின்ட்சர் நகரம் தெற்கே தெரியும்! ஆறு அவ்விடத்தில் அவ்வாறு வளைந்திருக்கிறது.

இருப்புப்பாதைப் பணியில் உள்ள என்போன்றோர்க்கு இவ்வாறுகள் வேறு வகையிலும் நினைவிற்குரியவை. முன்னாளில் ரயில் வண்டிப் பெட்டிகளைப் பெரும் படகுகளில் ஏற்றியே அக்கரை சேர்த்தனர். 1891இல் செயின்ட் கிளேர் ஆற்றின் அடியில் சுரங்கம் தோண்டி இருப்புப்பாதை இட்டனர். நீராவி எஞ்சினின் புகை அச்சுரங்கத்தில் அடைந்து பணியாளர் மூச்சுத் திணறி மாண்டதும் உண்டு. அதனால் 1908இல் அங்கு மின்சார எஞ்சினைக் கொண்டுவந்தனர். டெட்ராய்ட் ஆற்றின் அடியில் மற்றொரு சுரங்கப் பாதை 1910இல் திறக்கப்பட்டது. மேலே படகில் ஒருவன் தூண்டிலிட, கீழே சரக்கு வண்டி ஓடும் ஆறுகள் இவை.

பளிங்குக்கண் மீன்

இவ்வாறுகளின் சிறப்புக்குரிய மீனை ஆங்கிலத்தில் ‘வால்ஐ’ என்பர். நம் ஏரி குளங்களில் உள்ள வாளை மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒலி மட்டுமே ஒத்தது. மிட்சில் என்னும் அமெரிக்க அறிஞர் 1818இல் இதனை விவரித்து, கண்ணாடி போன்றது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் பெயரிட்டார். ஆதலால் இதனைப் பளிங்குக்கண் மீன் என்று தமிழில் அழைக்கலாம். பொன்னும் பாசியும் கலந்த நிறம், கூரிய பற்கள், வாலின் கீழ் நுனியில் ஒரு வெண்புள்ளி. ஒன்றிரண்டு கிலோ எடையுள்ளவை மிகுதி. ஐந்து கிலோவுக்கு மேற்பட்டவையும் அகப்படும்.

இம்மீனின் கண்ணுக்குள், பின்புறத்தே ஒளியைத் திருப்பி வீசும் மெல்லிய படலம் உண்டு. இருட்டில் விளக்கொளி பட்டால் பூனையின் கண் மின்னுவது எதனாலோ, இதன் கண் மின்னுவதும் அதனாலேயே. கலங்கல் நீரிலும் அந்தி இருளிலும் இரவிலும் இம்மீன் நன்கு காணும். இரையாகும் சிறுமீன்களோ அப்பொழுது காண மாட்டா. ஆகவே பகலில் ஆழத்தில் அடங்கியிருந்து, ஒளி மங்கிய வேளையில் வேட்டைக்குக் கிளம்பும்.

இளவேனில் தொடக்கத்தில் பனிக்கட்டி உருகி நீர் சற்றே வெம்மையுறும்போது, ஈரி ஏரியிலிருந்து இம்மீன்கள் கூட்டங்கூட்டமாக டெட்ராய்ட் ஆற்றில் எதிரேறி வரும். சரளைக்கல் பரந்த அடித்தளத்தில் முட்டையிடும். பெரிய பெண்மீன் ஒன்று சில இலட்சம் முட்டைகள் வரை இடும். இட்டபின் காவல் இருப்பதில்லை. கற்களின் இடுக்கில் தூய நீர் ஓடினால் முட்டை பிழைக்கும்; சேறு மூடினால் அழியும். பின்னர் வரும் வரலாற்றைப் புரிந்துகொள்ள, அன்பர்கள் இந்த ஒரு செய்தியை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

பழங்குடியினரின் கைத்திறன்

ஐரோப்பியர் வருவதற்குப் பன்னூறாண்டுகட்கு முன்னரே பேரேரிகளைச் சூழ்ந்து பழங்குடி மக்கள் வாழ்ந்தனர். சுப்பீரியர் ஏரிப் பகுதியில் இயற்கையாகவே தூய செம்பு கிடைத்தது. அதனைத் தட்டித் தூண்டில் முள் செய்தவர்கள் அங்கே ஐயாயிரம் ஆண்டுகட்கு முன்னரே இருந்தனர் என்பதனை அகழ்ந்தெடுத்த பொருள்கள் காட்டுகின்றன. ஒஜிப்வே மக்கள் பளிங்குக்கண் மீனை ‘ஒகா’ என அழைப்பர்.

அவர்களுடைய குளிர்கால முறை வியக்கத்தக்கது. ஏரி உறைந்தபின் பனிக்கட்டியில் துளையிடுவர். மேலே கூடாரமோ போர்வையோ கவித்து ஒளியை மறைப்பர். உள்ளே இருள் சூழ்ந்துவிட்டால் துளையின் கீழுள்ள நீர் தெளிவாகத் தெரியும். மரத்தால் சிறுமீன் போலச் செதுக்கி, வயிற்றில் ஈயம் ஊற்றிய பொய்ம்மீனை நூலில் கட்டி இறக்குவர். நூலின் மறுநுனி கையிலுள்ள சிறு கோலில் இருக்கும். கோலை மெல்ல அசைத்தால் பொய்ம்மீன் உயிர்மீன் போலச் சுழன்று நீந்தும். அதனை இரையென்று எண்ணிப் பெருமீன் நெருங்கும்போது மற்றொரு கையிலுள்ள ஈட்டியால் குத்துவர். இடக்கை நீந்த வைக்கும், வலக்கை வேட்டையாடும். இரு கைகளும் ஒரே மனத்திற்கு அடங்கியிருத்தல் வேண்டும்.

இளவேனிலில் இரவிலே தீப்பந்தம் ஏந்திப் படகில் சென்று, ஒளியில் மின்னும் கண்களைக் குறியாகக் கொண்டு ஈட்டி எறிவதும் அவர்கள் வழக்கம். விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஏரிக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட லாக் டு ஃப்ளாம்போ என்னும் பெயருக்குத் தீப்பந்த ஏரி என்பதே பொருள்.

1837, 1842ஆம் ஆண்டுகளில் ஒஜிப்வே மக்கள் உடன்படிக்கை செய்து தங்கள் நிலங்களை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தபோது, மீன்பிடிக்கும் உரிமையைத் தங்களுக்கென வைத்துக்கொண்டனர். பின்வந்த மாநில அரசுகள் அவ்வுரிமையை ஏற்கவில்லை, பிடித்தவர்களைத் தண்டித்தன. நெடுநாள் கழித்து 1983இல் கூட்டரசின் மேல்முறையீட்டு மன்றம் உடன்படிக்கை உரிமை இன்னும் உயிருடனிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்குப் பின்னும் சில ஆண்டுகள் படகுத் துறைகளில் கூட்டம் கூடி அவர்களை இகழ்ந்து கல்லெறிந்தவர்கள் உண்டு. அவர்களோ பந்தத்திற்குப் பதிலாக மின்விளக்கை ஏந்தித் தங்கள் முன்னோர் தொழிலைத் தொடர்ந்தனர்.

தொழிலாளரின் கைத்தூண்டில்

டெட்ராய்ட் நகரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் கார்த் தொழிலின் தலைநகராயிற்று. 1914இல் ஹென்றி ஃபோர்டு நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி என அறிவித்தபோது, பல நாட்டினரும் பல மாநிலத்தினரும் வேலை தேடி அங்கே குவிந்தனர். ஆற்றின் கீழ்ப்பகுதியில் எஃகு ஆலைகளும் இரசாயன ஆலைகளும் எழுந்தன. ஆலைத் தொழிலாளர் பலர் வேலை முடிந்தபின் ஒரு சிறு படகை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினர். வீட்டுக் கறிக்கு மீனும் ஆயிற்று. இரும்பு ஓசையிலிருந்து சற்று விடுதலையும் ஆயிற்று.

அவர்கள் கையாண்ட முறைகள் இரண்டு. முதலாவது ஆட்டுத் தூண்டில். ஈயத் தலையுடைய முள்ளில் சிறுமீனைக் கோத்து, படகு ஒழுக்கோடு மிதந்து செல்லும்போதே நூலை நேர்செங்குத்தாக இறக்குவர். ஈயம் ஆற்றின் அடியைத் தட்டும்; உடனே சாண் உயரம் தூக்குவர்; மீண்டும் இறக்குவர். நூல் சாய்ந்துவிட்டால் பயனில்லை. ஆகவே படகின் வேகமும் ஒழுக்கின் வேகமும் ஒன்றாக இருக்கும்படி ஓட்டுதல் வேண்டும். பெரும்பாலும் ஈயம் கீழிறங்கும் வேளையிலேயே மீன் கவ்வும். அதன் அடையாளம் பெரிய இழுப்பன்று. நூலில் ஒரு சிறு தட்டல், அல்லது இருக்க வேண்டிய எடை சட்டெனக் குறைதல், அவ்வளவே. கவனமில்லாதவன் கைக்கு அது எட்டாது.

இரண்டாவதே இவ்வாறுகளுக்கு உரிய கைத்தூண்டில். இதில் கோல் கிடையாது. படகின் ஓரத்தில், உள்ளே சுருள்வில் அமைந்த ஓர் உருளையைப் பொருத்துவர். அதில் மெல்லிய எஃகுக் கம்பிநூல் சுற்றப்பட்டிருக்கும். கம்பியை இழுத்தால் வரும். தளர்த்தினால் உருளை தானே சுருட்டிக்கொள்ளும். முதன்முதலில் இவ்வுருளைகளைப் பழைய கிராமபோன் பெட்டியின் சுருள்வில்லைக் கொண்டே செய்தனர் என்பது அவ்வாற்றங்கரையில் வழங்கும் செய்தி. நம் வீடுகளில் முன்னாளில் சாவி முறுக்கிப் பாட்டுக் கேட்டோமே, அந்த வில்தான்! பாட்டுப் பெட்டி பழுதானாலும் அதன் வில் மீன் பிடித்தது.

கம்பியின் நுனியில் ஒரு பவுண்டோ சற்று மிகுதியோ உள்ள ஈயக்குண்டு தொங்கும். குண்டுக்கு மேலே ஓர் முழக் கணக்கில் தனிக் கம்பித் துண்டு இருக்கும். அதில் இடைவெளி விட்டு வளையங்கள் உண்டு. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு கிளைநூல் கட்டுவர். கிளைநூல்கள் ஒன்றோடொன்று சிக்காதிருக்க, ஒன்றைக் குறுக்கியும் ஒன்றை நீட்டியும் அமைப்பர். பல பாகம் நீளமுள்ளவையும் உண்டு. அவற்றின் நுனியில், பென்சில் போல மெலிந்த, வண்ணம் தீட்டிய மரத்துண்டு பொய்ம்மீனாகத் திகழும்.

படகை நீரோட்டத்திற்கு எதிராக, மனிதன் நடக்கும் வேகத்தினும் மெல்லச் செலுத்துவர். ஒரு கை சுக்கானில். மற்றொரு கை கம்பியில். கம்பி பிடித்த கை ஓயாது முன்னும் பின்னும் அசைந்து, குண்டைத் தூக்கி இறக்கி, அடித்தளத்தை இடைவிடாது தட்டிப் பார்க்கும். கல்லில் பட்டால் ஒருவகை அதிர்வு. மணலில் பட்டால் வேறு. களிமண்ணில் பட்டால் குண்டு அமிழ்ந்து எழும். ஆழம் கூடினால் கம்பியை விடுதல் வேண்டும்; குறைந்தால் இழுத்தல் வேண்டும். இவ்வாறு பழகியவனுக்குக் கண்ணால் காணாத ஆற்றின் அடி முழுவதும் உள்ளங்கையில் தெரியும். இரவில் இம்முறை சிறப்பாக அமைவது இதனால்தான். இருளில் மீனுக்குக் கண் உண்டு. மனிதனுக்குக் கை உண்டு. மீன் கவ்வியதும் கம்பியை உருளை சுருட்டிக்கொள்ள, கிளைநூலைக் கை மாற்றிக் கை இழுத்து மீனைப் படகில் ஏற்றுவர்.

இக்கலையைப் புத்தகம் பார்த்துக் கற்றவர் அரியர். தந்தை கம்பியைப் பிடித்திருக்க, மகன் அதே கம்பியில் விரல் வைத்து, “இது கல், இது மீன்” என்று வேறுபாடு அறிந்தான். நம் வீடுகளில் பாகு பதத்தை விரலால் தொட்டுப் பார்த்தே பெண்மக்கள் கற்றுக்கொள்வது போன்றதே இதுவும்.

கை அறியாத நஞ்சு

ஆற்றின் அடியிலுள்ள சிறு கல்லையும் அறிந்த அக்கை, ஆற்றில் கரைந்து வந்த நஞ்சை அறியவில்லை. அறிதற்கும் இயலாது.

முதலில் அடித்தளம் கெட்டது. பெருங்கப்பல்கள் செல்வதற்காக ஆற்றின் பாறையை வெடி வைத்துப் பிளந்து வழி அமைத்தனர். 1912இல் திறக்கப்பட்ட லிவிங்ஸ்டன் கால்வாய் அவற்றுள் பெரியது. முட்டையிடும் சரளைப் பரப்புகள் பல இவ்வாறு அழிந்தன. அடுத்து நீர் கெட்டது. ஆலைக் கழிவும் எண்ணெயும் நகரத்துச் சாக்கடையும் ஆற்றில் விழுந்தன. 1948ஆம் ஆண்டிலும் 1960ஆம் ஆண்டிலும் குளிர்காலத்தில் எண்ணெய்ப் படலத்தில் சிக்கி ஆயிரக்கணக்கான வாத்துகள் மாண்டன. 1969இல் டெட்ராய்ட் ஆற்றில் கலக்கும் ரூஜ் ஆற்றின் நீர்ப்பரப்பே தீப்பற்றி எரிந்தது. ஆறு எரிந்தது என்றால் நம் முன்னோர் நம்புவரோ?

ஈரி ஏரியில் வணிகர் பிடித்த பளிங்குக்கண் மீனின் அளவு 1956இல் உச்சத்தை எட்டி, அதன்பின் விரைந்து சரிந்தது. மிகையாகப் பிடித்ததும் நீர் கெட்டதும் காரணங்கள். அதன் இனத்தைச் சேர்ந்த நீலநிற மீன் ஒன்று அவ்வேரியில் முன்பு பெருவாரியாக அகப்பட்டது; அது பின்னர் அறவே மறைந்து, 1983இல் அற்றுப்போன உயிர் என அரசால் அறிவிக்கப்பட்டது.

பேரிடி 1970இல் விழுந்தது. ஒன்டாரியோவில் ஆராய்ச்சி மாணவராயிருந்த நார்வால்ட் ஃபிம்ரைட் என்பவர், செயின்ட் கிளேர் ஏரியின் மீன்களில் பாதரசம் மிகுந்திருப்பதனைக் கண்டறிந்தார். அப்பகுதியில் நிலத்தடியே உப்புப் படிவம் மிகுதி. உப்புநீரில் மின்சாரம் செலுத்திக் குளோரினும் காரமும் செய்யும் ஆலைகள் அதற்குப் பாதரசத்தைப் பயன்படுத்தின. அதில் ஒரு பகுதி கழிவோடு ஆற்றில் சென்றது. அடிச்சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைக் கொடிய நஞ்சாக மாற்றின. புழுவைச் சிறுமீன் தின்ன, சிறுமீனைப் பெருமீன் தின்ன, படிப்படியாக நஞ்சு திரண்டு வேட்டை மீனாகிய பளிங்குக்கண் மீனில் மிகுந்தது. ஜப்பானில் மினமாட்டா என்னும் ஊரில் 1956இல் வெளிப்பட்ட கொடுநோய்க்குக் காரணம் இதே நஞ்சு.

அம்மீனுக்குச் சுவை மாறவில்லை, மணம் மாறவில்லை, தோற்றமும் மாறவில்லை. முப்பதாண்டு பழகிய கையும் அதனைக் கொண்டு நல்ல மீன் என்றே சொல்லும். இரு நாட்டு அரசுகளும் அவ்வாண்டே வணிக மீன்பிடிப்பைத் தடுத்தன. பொழுதுபோக்காகப் பிடிப்பவரும் மீனை உண்ணலாகாது என எச்சரித்தன. பகலில் ஆலையில் உழைத்துக் கூலி பெற்ற தொழிலாளி, மாலையில் தான் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாமற் போயிற்று. ஆலை தந்த சோற்றையும் ஆலை கெடுத்த மீனையும் ஒரே குடும்பம் கண்டது.

மீட்சி

இரு நாடுகளுக்கும் இடையே 1909இலேயே எல்லை நீர் உடன்படிக்கை ஒன்று இருந்தது. ஒரு நாட்டின் கேடு மறுநாட்டைத் தாக்கும்படி நீரை அசுத்தப்படுத்தலாகாது என்று அதில் எழுதியும் இருந்தது. எழுத்து அறுபதாண்டு தூங்கிற்று. மக்கள் கொதித்தெழுந்த பின்னரே அது விழித்தது. 1972இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சனும் கனடாவின் பிரதமர் பியேர் ட்ரூடோவும் பேரேரிகளின் நீர்த்தூய்மைக்கான புதிய உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அவ்வாண்டே அமெரிக்காவில் தூயநீர்ச் சட்டமும் நிறைவேறிற்று. பாதரசக் கழிவு நிறுத்தப்பட்டது. சாக்கடை நீரைத் தூய்மை செய்யும் நிலையங்கள் திருத்தப்பட்டன. ஈரி ஏரியில் ஆண்டுக்கு இவ்வளவு மீனே பிடிக்கலாம் என 1970களின் நடுவிலிருந்து அளவு வகுத்தனர்.

மீன் திரும்பிற்று. 1980களில் டெட்ராய்ட் ஆற்றின் இளவேனில் மீண்டும் படகுகளால் நிறைந்தது. 2001இல் ஆற்றின் இருகரையையும் சேர்த்துப் பன்னாட்டு வனவிலங்குப் புகலிடம் ஒன்று அமைந்தது. அவ்வாண்டிலேயே, பல்லாண்டுகளாகக் காணாதிருந்த ஸ்டர்ஜன் என்னும் பழம்பெரு மீன் அவ்வாற்றில் முட்டையிடுவதனைக் கண்டனர். வெடி வைத்து அழித்த சரளைப் படுகைக்கு ஈடாக 2004 முதல் ஆற்றின் அடியில் கற்களைப் பரப்பிப் புதிய படுகைகளும் அமைத்தனர். பளிங்குக்கண் மீனும் அவற்றை ஏற்றுக்கொண்டது.

முற்றும் நலமாயிற்று எனல் ஆகாது. பழைய நஞ்சு சேற்றில் இன்னும் உண்டு. எந்த மீனை எத்துணை முறை உண்ணலாம் என அரசு அறிவுரை வெளியிடுகின்றது. கெடுக்க எளிதாயிருந்தது, திருத்த அரை நூற்றாண்டு போதவில்லை. ஆயினும் கிராமபோன் வில்லின் வழிவந்த உருளைகளைப் படகோரத்தில் பொருத்தி, கம்பியில் கை வைத்து இரவில் ஆற்றை எதிரேறுவோர் இன்றும் உளர். நவீனக் கோல்களும் ஆழமறியும் மின்கருவிகளும் வந்தபின் இவர்கள் தொகை சிறிதே; எனினும் தொழில் அற்றுப்போகவில்லை.

நமக்கு உரியது

எங்கோ உள்ள ஆற்றின் கதை நமக்கு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்து இக்காலனியில் வாழும் நாம் ஒவ்வொருவரும் ஓர் ஆற்றின் பெயரை நெஞ்சில் சுமந்து வந்தவர்களே. அவ்வாறுகளின் நிலை யாது? தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததனை 1996இல் உச்சநீதிமன்றமே எடுத்துரைத்தது. திருப்பூரின் சாயநீர் நொய்யலில் இறங்கி, உழவுக்கென 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையைச் சாயத் தேக்கமாக்கிற்று. 2011இல் சாய ஆலைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. கொடைக்கானலில் வெப்பமானி செய்த தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது, டெட்ராய்ட்டில் கண்ட அதே பாதரசத்தின் பொருட்டு.

அவ்வாலைகளில் உழைத்தவர்கள் நம்மவரே. அந்நீரைக் குடித்தவர்களும் நம்மவரே. ஆலையும் வேண்டும், ஆறும் வேண்டும் என்பதே உழைக்கும் குடும்பத்தின் நிலை. இரண்டும் ஒருங்கு இயலும் என்பதற்கு டெட்ராய்ட் ஆறு முழுச் சான்றாகாவிடினும், முயன்றால் பெரும்பகுதி மீளும் என்பதற்குச் சான்றாகும்.

தமிழில் நூல் என்னும் சொல் இழைக்கும் பெயர், ஏட்டுக்கும் பெயர். அவ்வாற்று மக்கள் ஒரு நூலைக் கையால் பற்றி ஆற்றின் அடியை அறிந்தனர். கைக்கு எட்டாத நஞ்சை மற்றொரு நூலால், அதாவது ஆராய்ச்சியாலும் சட்டத்தாலும் அறிந்தனர். ஒன்றை மட்டும் பற்றியிருந்தால் ஆறு மீண்டிராது. நம் பிள்ளைகள் பள்ளியில் இரண்டாவது நூலை நன்றாகவே கற்கின்றனர். கோடை விடுமுறையில் ஊருக்கு அழைத்துச் செல்லும்போது, பாட்டன் கைப்பட்ட முதல் நூலையும் அவர்கள் விரலில் ஒருமுறை வைத்துக் காட்டுதல் பெற்றோர் கடமை. ஆற்றைத் தொட்டு அறிந்த பிள்ளைதான், அது கெடும்போது பதறும்.